ஸ்டிக்கர் இல்லாத ஊதுகருவி

ஓசூர் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வெர்னியர், மைக்ரோமீட்டர், பிளக் கேஜ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கடைசியாகக் கேலிப்ரேஷன் செய்த தேதி, அடுத்த தேதி. கெடு தாண்டிய கருவி லைனில் கிடந்தால் ஆடிட்டர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இந்த ஊர்க்காரனான என் சட்டைப்பையில் சில வாரங்களாக ஸ்டிக்கரே இல்லாத ஒரு கருவி இருக்கிறது. மூச்சில் ஆல்கஹால் அளக்கும் மீட்டர்.

வாங்கவைத்தது பெங்களூரு. அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் பியர் உலகமே வேறு. இந்திராநகர் டாய்ட்டில் பாசுமதி அரிசி சேர்த்துக் காய்ச்சும் பாசுமதி பிளாண்ட், ஆர்பரில் கசப்பு தூக்கலான ரேஜிங் எலிஃபென்ட். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நண்பர்களோடு போய், சாம்ப்ளர் சொல்லி, சின்னக் கிளாஸ்களைக் கைமாற்றிக் குடிப்போம். கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், ஸ்டவுட்டில் காபி. இப்படி ருசி பார்ப்பதில் கணக்கு மட்டும் நிற்காது. கோதுமை பியரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் பெல்ஜியன் ட்ரிப்பலில் 8, 9 வரை போகும். கிளாஸ் என்னவோ ஒரே அளவுதான்.

அந்தக் கணக்குக்காகத்தான் மீட்டர். அதன் பேட்டரி, திரை, பவுச் பற்றியெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்க்கவேண்டியது சென்சார். மலிவான மாடல்களில் இருப்பது டின் ஆக்சைடு. பக்கத்தில் யாராவது சானிடைசர் தேய்த்தால்கூட அது மிரளும். என்னுடையது ஃப்யூயல் செல் வகை. பிளாட்டினம் மின்முனையில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னோட்டம் வரும், எண் அதிலிருந்து.

ஒரு மடக்கு குடித்த கையோடு ஊதினால், வாயில் ஒட்டியிருக்கும் பியரையும் சேர்த்து அளந்து பயமுறுத்தும். 15 நிமிடம் பொறுக்கவேண்டும். இந்தப் பொறுமையில் ஒரு லாபம் கிடைத்தது. காத்திருக்கும்போது தண்ணீர் குடிக்கிறோம், நாக்கு தெளிகிறது, அடுத்த கிளாஸின் ருசி முந்தியதோடு கலப்பதில்லை. மீட்டர் செய்த ஒரே நல்ல காரியம் இது என்பேன்.

கூட்டத்தில் குவாலிட்டி டிபார்ட்மென்ட் ஆள் ஒருவன் உண்டு. மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மச்சான், ஸ்டிக்கர் எங்கடா?” என்றான். அன்றோடு என் நிம்மதி போயிற்று. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். இந்தக் கருவியின் தாளில் போட்டிருக்கும் பிழை, கூடுதலாகவோ குறைவாகவோ 0.01. அளக்கும் கருவியின் பிழை, அளவுக்கான டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது ஷாப் ஃப்ளோரில் பாலபாடம். இங்கே வரம்பிலேயே மூன்றில் ஒரு பங்கு பிழை! ஒரு போல்ட்டைக்கூட இதை நம்பிப் பாஸ் பண்ணமாட்டார்கள்.

அந்தப் பிழைக் கணக்கும் புதுக் கருவிக்குத்தான். சென்சார் தேயத் தேய எண் நகரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேலிப்ரேஷன் செய்யச் சொல்கிறது தாள். எங்கே? ஆல்கஹால் கலந்த நீரை 34 டிகிரி செல்சியஸில் வைத்து, அதன் ஆவியை ஊதவைத்துச் சரிபார்ப்பது ஒரு முறை. அந்த ஏற்பாடு விற்றவரிடம் இல்லை. பிராண்ட் பெயர் எதற்கு, இந்த வகையறாவில் பாதி ஒரே அச்சு.

கேலிப்ரேஷனே கச்சிதமாக இருந்தாலும் ஒன்று உண்டு. குடித்தது ரத்தத்தில் உச்சம் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணிநேரம் ஆகலாம். மேஜையில் 0.02 காட்டியவன், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகும்போது 0.03-ஐத் தாண்டியிருப்பான். ஏறியது இறங்க, ஈரல் மணிக்கு 0.015 அளவில்தான் கழிக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: வண்டி எடுக்கலாமா என்று கேட்க இதை வாங்காதீர்கள், குடித்தால் சாவியைத் தொடவேண்டாம். ருசியை நிதானப்படுத்த வாங்குவதானால் ஃப்யூயல் செல் வகையாகப் பாருங்கள், கேலிப்ரேஷனை எங்கே, எவ்வளவுக்குச் செய்து தருவார்கள் என்று முதலில் கேளுங்கள். பெங்களூரு போக, 2025 ஆகஸ்ட் 11 முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் வழித்தடம் ஓடுகிறது.