பாலை என்ற அலுவலகச் சொல்

நிலத்தை எழுத்தின் பின்னணி என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் விமர்சனத்தின் சோம்பேறித்தனம். எனக்கும் இதில் பங்குண்டு. நண்பர் ஒருவரின் கவிதைகளைப் பற்றி எழுதியபோது 'பாலைவனம்' என்ற சொல்லை வெறுமை என்ற அர்த்தத்தில் நாலைந்து முறை உபயோகித்திருந்தேன். ரங்கேல் இந்தியர்களிடம் போய்வந்ததைப் பற்றி லூசியோ மன்சீயா 1870-ல் எழுதிய நூலை ஆங்கிலத்தில் படித்தபின் அந்தச் சொல் கூசுகிறது.

அர்ஜெண்டினாவின் உள்நாட்டு மாகாணம் லா பாம்பா. கிழக்கே மழை, புல்வெளி. மேற்கே போகப் போக வறட்சி, முட்புதர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொயனஸ் அயர்ஸ் அரசாங்கத்துக்கு இந்தப் பக்கம் முழுவதும் 'பாலை'. கர்னலான மன்சீயாவும் அச்சொல்லை விடவில்லை. ஆனால் அவர் குதிரையேறிப் போய்க் கண்டது வெறுமையை அல்ல. லெவுகோவில் ரங்கேல்களின் தலைவர் மரியானோ ரோசாஸ் தன் காகிதப் பெட்டியிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து, வரப்போகும் ரயில்பாதை பற்றிய பத்தியைக் காட்டுகிறார். ரயில் வந்தால் எங்கள் நிலமும் உங்களுக்கு வேண்டியிருக்குமே என்பது அவர் கேள்வி. சமாதான உடன்படிக்கை பேச வந்தவரிடம் நேரான பதில் இல்லை. மன்சீயாவிடம் தற்பெருமை அதிகம். ஆனாலும் தன்னைச் சிறுமைப்படுத்தும் இந்தக் காட்சியை அவர் அடித்துவிடவில்லை. சொல் அரசாங்கத்துடையது, பார்வை அவருடையது. இந்த முரண்தான் நூலின் உயிர்.

மரியானோ ரோசாஸ் 1877-ல் இறந்தார். 1879-ல் ரோக்காவின் படையெடுப்பு நடந்தது. அதற்கு வைத்த பெயர் 'பாலைவன வெற்றி'. ராணுவம் மரியானோவின் கல்லறையைத் தோண்டியது. லா பிளாட்டா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த அவருடைய மண்டையோடு 2001-ல்தான் லெவுகோ திரும்பியது.

1884-ல் இப்பகுதி தேசியப் பிரதேசமாயிற்று. ஆளுநரைத் தலைநகரம் நியமிக்கும். குடிகளுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது. மாகாண அந்தஸ்து வந்தது 1951-ல். அதற்குச் சற்று முன், 1940-களின் இறுதியில், மெந்தோசா மாகாணத்தில் அதுவேல் ஆற்றின் குறுக்கே எல் நிவில் அணை எழுந்தது. தனக்கென ஓர் அரசாங்கம் இல்லாத பிரதேசத்தின் ஆட்சேபத்தை யார் கேட்பது? மேற்கு லா பாம்பாவின் சதுப்புகள் வற்றின, குடும்பங்கள் வெளியேறின. ஆறு இரு மாகாணங்களுக்கும் பொது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1987-ல். நொடிக்கு 3.2 கன மீட்டர் நீராவது வரவேண்டும் என்று இடைக்கால இலக்கு நிர்ணயித்தது 2020-ல்.

ஆக, சொல் முதலில் வந்தது, பாலை பின்னால் வந்தது. நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். தப்பான தலைப்பில் பதிந்த தொகையை யாரும் கவனிக்காவிட்டால் வருஷக் கடைசியில் அதுவே கணக்காகிவிடும். கவிதையிலும் இது நடக்கிறது. ஒரு படிமம் கவிஞனின் கண்ணிலிருந்து வந்ததா, யாரோ எழுதிவைத்த ஏட்டிலிருந்து வந்ததா என்று கேட்காமல் அதை வியந்துகொண்டிருப்பது விமர்சனமாகாது. நண்பரின் கவிதைகளை மறுபடி படிக்கவேண்டும். அவர் 'பாலை' என்று எங்குமே எழுதியிருக்கவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது. எழுதியது நான்.