ராய்சௌதுரியின் ஆய்வுப் பங்களிப்பு: ஒரு மதிப்பீடு

அமல் குமார் ராய்சௌதுரி (செப்டம்பர் 14, 1923 – ஜூன் 18, 2005) கல்கத்தாவைச் சேர்ந்த இயற்பியலாளர், கல்லூரிப் பேராசிரியர். பேரண்டவியலில் 'ராய்சௌதுரி சமன்பாடு' இவர் பெயரால் வழங்குகிறது. உலக அறிவியலில் இவருடைய இடம் பெரிதும் 1955-ல் வெளிவந்த நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைச் சார்ந்தது.

பின்னணி

ராய்சௌதுரி இன்றைய வங்கதேசத்தில் உள்ள பரிசாலில் பிறந்தார். தந்தை பள்ளிக் கணித ஆசிரியர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1944-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர், சி.வி. ராமன் தம் புகழ்பெற்ற விளைவைக் கண்டறிந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு நான்கு ஆண்டுகள் செய்த சோதனை ஆய்வு பலன் தரவில்லை. அசுதோஷ் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் பொதுச் சார்பியலைப் பெரும்பாலும் தாமே கற்றார். மீண்டும் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி உலோகங்களின் பண்புகளைப் பற்றியது. பேரண்டவியலை அதற்கிடையே தாமாகவே தொடர்ந்தார்.

1955-ஆம் ஆண்டுக் கட்டுரை

பேரண்டம் எங்கும் ஒரே சீராக இருப்பதாகக் கொண்டு ஃப்ரீட்மன் 1922-ல் ஒரு தீர்வு கண்டார். அதில் காலத்தில் பின்னோக்கிச் சென்றால் அடர்த்தி எல்லையின்றிப் பெருகும். இந்நிலை ஒருமைப்புள்ளி எனப்படும். இது இயற்கையில் உள்ளதா, சீர்மை எனும் எளிய அனுமானத்தின் விளைவா என்ற கேள்வி நீடித்தது.

'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் வந்த ராய்சௌதுரியின் கட்டுரை சீர்மையைக் கைவிட்டே தொடங்குகிறது. ஈர்ப்பில் கட்டின்றி நகரும் துகள்களின் சிறு திரள் ஒன்றின் பருமன் எப்படி மாறும் என்று அது கணக்கிடுகிறது. பருப்பொருளின் ஈர்ப்பு திரளைச் சுருக்கும். திரளின் வடிவம் சிதைவதும் சுருக்கத்துக்கே துணைபோகும். சுழற்சி மட்டும் அதை எதிர்க்கும். எனவே சுழற்சி இல்லாத பேரண்டத்தில், சீர்மை இல்லாவிட்டாலும், ஒருமைப்புள்ளி நீங்குவதில்லை.

தாக்கம்

1965-ல் பென்ரோஸும் அடுத்த ஆண்டுகளில் ஹாக்கிங்கும் நிறுவிய ஒருமைப்புள்ளித் தேற்றங்களுக்கு இவ்வகைச் சமன்பாடே அடித்தளம். கருந்துளையின் பரப்பு குறையாது என்ற ஹாக்கிங்கின் 1971-ஆம் ஆண்டுத் தேற்றத்திலும், வெப்ப இயக்கவியலிலிருந்து ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை வருவித்த ஜேக்கப்சனின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இது பயன்படுகிறது.

மேற்கோள் எண்ணிக்கை இந்தத் தாக்கத்தை முழுமையாகக் காட்டாது. பாடநூலில் இடம்பெற்றுவிட்ட சமன்பாட்டைப் பயன்படுத்துவோர் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வர். மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவது அரிது. நியூட்டன் விதிகளைப் பயன்படுத்தும் பொறியாளர் 'பிரின்சிபியா'வை மேற்கோள் காட்டுவதில்லை அல்லவா!

வரையறைகள்

ஹாக்கிங்குக்கு முன்பே பெருவெடிப்பை ராய்சௌதுரி நிறுவிவிட்டார் என்ற புகழ்ச்சி பொருந்தாது. துகள்களின் பாதைகள் ஓரிடத்தில் குவிவதால் மட்டும் காலவெளி அங்கு முடிந்துபோவதில்லை. குவிவிலிருந்து ஒருமைப்புள்ளியை எட்டுவதற்குத் தேவையான முழுதளாவிய வடிவியல் முறையைக் கொண்டுவந்தவர் பென்ரோஸ். 2020-ல் அவர் பெற்ற நோபல் பரிசு அந்தப் புதுமைக்கு உரியது. ராய்சௌதுரியின் சிறப்பு, கேள்வியைச் சீர்மையிலிருந்து விடுவித்து, பின்வந்தோர் கையாளத்தக்க கருவியாக ஆக்கியதில் உள்ளது.

ஆசிரியப் பணி

1961 முதல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்குக் கற்பித்தார். இழைக்கோட்பாட்டு அறிஞர் அசோக் சென் அங்கு இவரால் ஊக்கம் பெற்ற மாணவர். 'தியரட்டிகல் காஸ்மாலஜி' (1979) உள்ளிட்ட பாடநூல்களையும் எழுதினார்.

மதிப்பீடு

ஆண்டுதோறும் எத்தனை கட்டுரைகள் என்று கணக்குக் கேட்கும் இன்றைய முறையில், 1945-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட ராய்சௌதுரி தேறியிருப்பது கடினம். ஒரு மாணவரை நல்ல வினாவின்பால் திருப்பிய வகுப்பு எந்தத் தரவுத்தளத்திலும் பதிவாவதில்லை. ராய்சௌதுரியை மதிப்பிடுவோர் அந்த நான்கு பக்கங்களோடு வகுப்பறை ஆண்டுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.