நீல யாத்திரையின் வரவு செலவு

புரட்டாசி பிறந்தால் போதும், திருப்பதிக்குப் போகும் சாலைகளின் ஓரமெல்லாம் மஞ்சள் வேட்டிகள் நடக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வருகிறவர்கள், அலிபிரியில் 3,550 படி ஏறி, சில நொடித் தரிசனத்தோடு ஊர் திரும்புகிறார்கள். வரவு செலவு பார்த்தால் கட்டுப்படியாகாத பயணம் இது. கால்பந்திலும் இப்படியொரு யாத்திரை உண்டு. இந்தியக் கால்பந்து அணியின் பின்னால் ஊர் ஊராக, நாடு நாடாகப் போகும் ரசிகர் குழு ஒன்று 2017இல் தொடங்கியது. அது தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ப்ளூ பில்க்ரிம்ஸ்’, அதாவது நீல யாத்ரீகர்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் யாத்திரை என்று சொல்லிவிட்டதாலேயே கணக்குக் கேட்கக் கூடாது என்றாகிவிடாது.

2023 நவம்பர் 16, குவைத்தின் ஜாபர் அல்-அகமது அரங்கம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மன்வீர் சிங் 75ஆம் நிமிடத்தில் அடித்த ஒரே கோலால் இந்தியா வென்றது. அன்று வியாழக்கிழமை, மறுநாள் அங்கே வார விடுமுறை. கேலரியில் நீல ஜெர்சிகள் திரண்டிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்துக்காக விமானம் ஏறியவர்கள் அல்ல, பிழைப்புக்காக முன்பே ஏறியவர்கள். ஆந்திராவின் சித்தூர், ராஜம்பேட்டை, கடப்பைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு குவைத் தூர தேசமே அல்ல. தெருவுக்கு ஒருவராவது டிரைவராகவோ வீட்டு வேலைக்கோ போயிருக்கும் ஊர். இந்திய அணிக்கு வளைகுடாவில் கிடைக்கும் ஆரவாரத்தின் அடித்தளம் இந்த மக்கள்தான். பறந்து போகும் ரசிகர் பயணத்தை மதிப்பிடும்போது இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அப்பயணத்தின் பலனை மறுக்க முடியாது. கேலரி காலியாக இருந்தால் ஆட்டக்காரருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதற்கு அப்போதைய இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரியே சாட்சி. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். ‘திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள்’ என்ற பொருளில் அவர் காணொளியில் கெஞ்ச வேண்டியிருந்தது. கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. உள்ளூரிலேயே இப்படியென்றால், எதிரணியின் ஊரில் நாலு பேர் தன் பெயரைச் சொல்லிக் கூவுவது ஆட்டக்காரருக்கு எத்தனை தெம்பு! ரசிகர் தன் நாட்டின் நடமாடும் முகவரியும்கூட. 1998 முதல் உலகக் கோப்பைகளில் ஆட்டம் முடிந்ததும் குப்பையைப் பொறுக்கிவிட்டுப் போகும் ஜப்பானிய ரசிகர்களும், போகும் ஊரிலெல்லாம் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்கு நன்கொடை கொடுக்கும் ஸ்காட்லாந்து ரசிகர்களும் தங்கள் அணிகள் வாங்காத நல்ல பெயரை வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் தெம்பு வேறு, திறமை வேறு. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆள்பலம் குறைவில்லை. ஆஸ்திரேலியாவுடனான ஆட்டத்துக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். முடிவோ மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. குவைத்தில் வென்ற அதே அணி, 2024 ஜூனில் கொல்கத்தாவில் அதே குவைத்தோடு கோலின்றி டிரா செய்து, பிறகு தோஹாவில் கத்தாரிடம் தோற்று, தகுதிச் சுற்றோடு நின்றது. நடுவரின் தவறு அந்தத் தோல்வியில் இருந்தது உண்மை. பயிற்சி, இளையோர் அணிகள், நிர்வாகம் ஆகியவற்றின் குறையைக் கேலரியின் தொண்டையால் நிரப்ப முடியாது என்பதும் உண்மை.

அடுத்த குறை, கதவில் நிற்கும் காசு. திருமலையில் 300 ரூபாய்ச் சீட்டும் உண்டு, வி.ஐ.பி. வழியும் உண்டு; அந்தப் பாகுபாட்டின்மீது விமர்சனமும் உண்டு. ஆனாலும் இலவச சர்வ தரிசன வரிசை இருக்கிறது. கால்பந்தில் அந்த வரிசையே சுருங்கிவருகிறது. 2026 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு, பங்கேற்கும் அணிகளின் ரசிகர்களுக்கென ஒதுக்கிய டிக்கெட்டின் தொடக்க விலை 4,185 டாலர் என்று அறிவித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு, 2025 டிசம்பரில், ஒரு சிறு பங்கை மட்டும் 60 டாலராக்கினார்கள். காசிருந்தாலும் விசா வேண்டும். ஈரானும் ஹைட்டியும் அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன; அமெரிக்காவின் 2025 ஜூன் பயணத் தடை ஆட்டக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தது, ரசிகர்களுக்குக் கொடுக்கவில்லை.

ரசிகரை அலங்காரப் பொருளாக்கும் ஆபத்தும் இருக்கிறது. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு, போட்டியைப் பற்றி நல்லதாகப் பேச ஒப்புக்கொண்ட வெளிநாட்டு ரசிகர்களுக்கு விமானச் செலவும் தங்குமிடமும் தரப்பட்டன. விருந்தாளியாகப் போனவர் வாய் திறப்பாரா? அதே நாட்களில் தோஹா தெருக்களில் இங்கிலாந்து, அர்ஜென்டினா ஜெர்சியோடு ஊர்வலம் போன மலையாளிகளை ஐரோப்பிய ஊடகங்கள் சில ‘கூலி ரசிகர்கள்’ என்று சந்தேகித்தன. கேரளத்தில் ஆற்று நடுவே மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்புதான் வந்திருக்கும். விமானம் ஏறி வந்தவர் மட்டுமே அசல், கட்டடம் கட்ட வந்தவர் போலி என்ற எண்ணம் இந்தப் பயணக் கலாசாரத்தில் ஒட்டியிருக்கும் வர்க்க அழுக்கு.

வெறியாட்டமும் ரசிகர் பயணத்தின் நிழல்தான். 1998இல் மார்செயில் இங்கிலாந்து ரசிகர்கள் செய்த ரகளையும், 2000 ஐரோப்பியக் கோப்பையில் அது தொடர்ந்ததும், கலகக்காரர்கள் வெளிநாடு போகவிடாமல் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கும் சட்டம்வரை கொண்டுபோய்விட்டன. சுற்றுச்சூழல் கணக்கும் சின்னதல்ல. 2022 உலகக் கோப்பையின் கரியமில வாயு வெளியேற்றம் 36 லட்சம் டன் என்று முன்கூட்டியே மதிப்பிடப்பட்டது. அதில் பாதிக்குமேல் பயணத்தால்.

ஆகவே என் தீர்ப்பு இது. அணியைத் தேடிக் கடல் கடப்பது தவறல்ல. அதையே பக்தியின் உச்சமாக்குவதுதான் தவறு. நீல யாத்ரீகர் செய்யக்கூடிய பெரிய காரியம், குவைத்திலும் தோஹாவிலும் ஏற்கெனவே இருக்கும் தொழிலாளியை கேலரியின் நடுவில் உட்கார வைப்பது. அவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட் கிடைக்கக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் சண்டை போடலாம். வேலைத்தலத்திலிருந்து அரங்கத்துக்கு ஒரு பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஆகும் செலவு, நீல யாத்ரீகர் ஏறிப் போகும் விமான டிக்கெட்டைவிடக் குறைவு.

அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. 2023 ஜூலை 4 அன்று தெற்காசியக் கோப்பை இறுதியில் குவைத்தை பெனால்டி ஷூட்அவுட்டில் இந்தியா வென்றது பெங்களூரு கண்டீரவா அரங்கில். சித்தூரிலிருந்து அங்கே போக சுமார் 180 கிலோமீட்டர். பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். பஸ் சார்ஜ் போதும்.