எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், டாக்டர்?

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ மார்பகப் புற்றுநோய் பற்றிய நூல். எனக்கு வந்திருப்பது புற்று அல்ல, அக்கூஸ்டிக் நியூரோமா: காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் உறையில் மெதுவாக வளரும் கட்டி. ஆனாலும் திண்டுக்கல்லில், இடது காதில் ஓயாத இரைச்சலோடு வாசித்தபோது அந்த நூல் என்னோடு பேசியது. ஓரிடத்தில் பேச்சை நிறுத்தியும்விட்டது.

அறுவைக்குப் பின் செயற்கை மார்பு வைக்காமல் லார்ட் மருத்துவரிடம் போகிறார். இப்படி வந்தால் மற்றவர்களின் மனத்தெம்பு குலையும் என்று நர்ஸ் கடிந்துகொள்கிறார். ஒரு கண்ணை இழந்த இஸ்ரேல் தளபதி மோஷே தயானிடம் யாரும் கண்ணாடிக் கண் வைக்கச் சொல்லவில்லையே என்பது லார்டின் பதிலடி. பெண்ணின் நோயைவிட அவள் தோற்றம்தான் ஊரை உறுத்துகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன பக்கங்கள் குறைவு.

அது இங்கேயும் பொருந்துகிறது. என் கட்டியை ஒட்டியே முகநரம்பு ஓடுகிறது. அறுவையில் அது பாதிக்கப்பட்டால் வாய் கோணலாம், கண் மூடாமல் போகலாம். விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்டது ஒன்றே: “முகம் கோணிப்போயிருமா?” காது கேட்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் என் தலைசுற்றலும் இரைச்சலும் ‘ரத்தம் கம்மி’, ‘தீட்டு நிக்கிற வயசு’, ‘டென்ஷன்’ என்ற பெயர்களில் உலவின. ஒரு காது மட்டும் மந்தமானால் செவித்திறன் சோதனை வேண்டும், காரணம் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

1988இல் வந்த ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ நூலில் இன்னொரு காட்சி. கல்லீரல் சோதனை பற்றிக் கேள்வி கேட்ட லார்டை நிபுணர் சாவைச் சொல்லி மிரட்டுகிறார். லார்ட் எழுந்து போய்விடுகிறார். பிறகு பெர்லினில் வேறொரு மருத்துவரைப் பார்க்கிறார். நான் அவரை விட்டு விலகும் இடம் இதுதான். எழுந்து போவதற்கு இன்னொரு கதவு வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை 60 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் சென்னை, பெங்களூர், அல்லது 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. அங்கே போக ரயில் டிக்கெட் மட்டும் போதாது. துணைக்கு ஒருவர், வீட்டில் சமைக்க ஒருவர், இரண்டாவது கருத்துக்குச் செலவழிப்பது வீண் இல்லை என்ற குடும்பத்தின் சம்மதம், எல்லாம் வேண்டும்.

லார்டுக்கு இல்லாத ஒன்று எனக்கு இருந்தது: நேரம். இந்தக் கட்டி பெரும்பாலும் வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். சிறியதாக இருந்தால் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், கதிர்வீச்சு தரலாம், அறுவையும் செய்யலாம். அறுவை என்றால் முகநரம்பு தப்புவதில் கட்டியின் அளவோடு கைப்பழக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. எனவே கேட்டேன்: “இந்தக் கட்டிய எத்தனை பேருக்கு எடுத்திருக்கீங்க, டாக்டர்? எத்தனை பேருக்கு முகநரம்பு தப்பிச்சது?” நான் முதலில் பார்த்தவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார், எண்ணிக்கை சொல்லாமல். மூன்றாவதாகப் பார்த்தவர் என் முகத்தைப் பார்த்து எண்ணிக்கை சொன்னார். அவரிடமே போனேன்.

லார்டைத் துணிச்சலின் உதாரணமாகவே வகுப்பறையில் வாசிக்கிறோம். கேள்வி கேட்கும் நோயாளியாகவும் வாசிக்கலாம். அந்தக் கேள்விக்கு ரயில் செலவை யார் தருவது என்பதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.