குவாய்ப் பாலத்தில் காணாத தமிழர்

தம்பினுக்கும் மலாக்காவுக்கும் இடையே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஜப்பானியர் ஆட்சியில் அக்கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன. போர் ஓய்ந்த பின்னும் அவை திரும்பவில்லை. தண்டவாளம் போன திசையிலேதான் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மரம் சீவிய தமிழரும் போயினர்.

அந்தப் பாதையை உலகம் அறிந்ததோ பெரும்பாலும் ஒரு திரைப்படத்தால். டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. கிழிந்த உடையும் தேய்ந்த காலணியுமாகக் கைதிகள் சீழ்க்கை அடித்தபடி அணிவகுத்து வரும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். படம் சிறந்த படமே, அதில் ஐயமில்லை. எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுப்பதிலேயே தன் படையின் மானத்தைக் காணும் கர்னல் நிக்கல்சனின் பேதைமையை அலெக் கின்னஸ் நடித்துக் காட்டிய திறம் பாராட்டுக்குரியது.

ஆனால் கதை எந்த வினாவின்மேல் எழுந்து நிற்கிறது? படை அதிகாரி மண்வெட்டி பிடிக்கலாமா என்பதன்மேல்! ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தைக் கையில் ஏந்தி நிக்கல்சன் வாதிடுகிறார். ரந்தாவிலிருந்தோ பகாவிலிருந்தோ வந்த கூலியாளுக்கு அப்படி வாதிட ஒரு தாளும் இல்லை, ஒரு பதவியும் இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942-க்கும் 1943-க்கும் இடையே போடப்பட்டது. நேச நாட்டுக் கைதிகள் அறுபதினாயிரம் பேரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரிலோ மாண்டவர் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் என மதிப்பிடுவர். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளின் முகாமில் அவர்களுடைய படை மருத்துவராவது இருந்தார். 1943-இல் வாந்திபேதி பரவியபோது கூலியாட்களின் முகாம்கள் பலவற்றில் அதுவும் இல்லை. இத்தனை பேரில் ஒருவரேனும் படத்தில் ஒரு பாத்திரமாக வரவில்லை.

அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதனை விட்டுவிட இயலாது. மூல நாவலை 1952-இல் வெளியிட்ட பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர், போருக்கு முன் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றியவர். தமிழர் உழைப்பை நாள்தோறும் கண்ணாரக் கண்டவர். வெள்ளையரின் வீண் பெருமையை எள்ளி நகையாடுவதே அவர் நோக்கம், தொழிலாளர் கதை சொல்வதன்று என்று அவர் சார்பில் வாதிடலாம். வாதம் பொருத்தமானதுதான். எனினும் எள்ளலுக்குரிய பெருமையும் வெள்ளையருக்கே, இரக்கத்துக்குரிய துன்பமும் வெள்ளையருக்கே என்றாகிவிட்டது. படத்துக்கான பாலத்தை எழுப்பிய இடம் இலங்கையின் கித்துல்கல. தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலைநாட்டின் ஓரம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தமிழில் இக்குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இலும் நூலாயின. இவற்றில் தோட்டத்து ஆள்தான் நடுவில் நிற்கிறான். லீனின் படத்திலுள்ள கட்டுக்கோப்பை இந்நாவல்களில் தேடுவது வீண். ஆனால் சயாமுக்குப் போனவனுக்குப் பின்னால் ஒரு லயம் இருந்தது, அதில் காத்திருந்த ஒருத்தி இருந்தாள் என்பதைப் பூலும் சொல்லவில்லை, லீனும் சொல்லவில்லை. மாணவருக்குப் படத்தை மட்டும் காட்டும் ஆசிரியர் பாதிக் கதையைத்தான் காட்டுகிறார்.

படத்தின் முடிவில் பாலம் வெடித்துச் சிதறுகிறது. உண்மையில் 1945-இல் விமானக் குண்டு விழுந்து சேதமுற்ற இரும்புப் பாலம் பழுது பார்க்கப்பட்டு இன்றும் காஞ்சனபுரியில் நிற்கிறது. அதன் கீழ் ஓடியது மே குளோங் ஆறு. படம் பார்த்துவிட்டுக் குவாய் நதியைத் தேடி வந்த பயணிகளுக்காக, 1960-களில் அந்த ஆற்றுக்கே குவாய் என்று பெயர் மாற்றினார்கள். அருகிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் உறங்குகின்றனர். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். மரம் சீவியவன் பெயர் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை.