பரவசமும் வெறியும்

கொடைக்கானலில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தாலும் (2018இல் பூத்தது), கீழே பழனியில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி ஆடினாலும், நம் கைக்கு வரும் சொல் 'பரவசம்' ஒன்றுதான். பத்திரிகைக்காரர்கள் எழுதுவது புரிகிறது. கவிஞர்களும் இதையே எழுதுகிறார்கள்.

வடமொழியில் பரவசம் என்றால் பிறர் வசமாதல். யார் வசம் சாவி, யார் வசம் பணம் என்று தினமும் பார்க்கிற வங்கி குமாஸ்தா எனக்கு இதில் கைமாற்றம் மட்டுமே கேட்கிறது. கிரேக்க வேர்கொண்ட 'எக்ஸ்டஸி'யோ தன்னைவிட்டு வெளியே நிற்பது. ஒன்றில் ஆள் கைமாறுகிறான், மற்றதில் வெளியேறுகிறான். உடம்பு இரண்டிலும் இல்லை.

குறிஞ்சித் திணையின் சொல் வேறு: வெறி. மணம், கள்ளின் மயக்கம், வேலன் ஆடும் ஆட்டம் எல்லாம் அதில் அடக்கம். பழனியைப் பொதினி என்று அறிந்திருந்த சங்கக் கவிஞர்கள் இந்த ஆட்டத்தைப் பாடினார்கள், அதற்கு மயங்கிவிடவில்லை. மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று தாய் வேலனை அழைக்கிறாள். வந்தது மலைநாட்டுக் காதலனால் என்று தோழிக்குத் தெரியும். ஆட்டமும் அதன்மீதான நகைப்பும் ஒரே கவிதையில் இருக்கின்றன.

இன்று வெறியைச் சாதிக்கும் மதத்துக்கும் நாய்க்கும் கொடுத்துவிட்டு, பரவசத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டோம். ஆடுகிற கூட்டமே தீயும் வைக்கும் என்பதை மறக்க இந்தப் பிரிவினை வசதியாக இருக்கிறது. சந்தேகம் தீண்டாத பரவசம் கவிதைக்கு உதவாது. 'பரவசம்' என்று எழுதியவர் அந்த இடத்தில் 'வெறி' என்று போட்டுப் பார்க்கட்டும். வரி தாங்கினால் அங்கே அனுபவம் இருக்கிறது.