முந்நூறாவது பத்திரிகைக்கும் அதே மஞ்சள்

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பும் வேலை ஒரே ராத்திரியில் முடிந்தாக வேண்டியிருந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவு, உறையில் போடு, விலாசம் எழுது, ஸ்டாம்ப் ஒட்டு. முதல் ஐம்பதும் முத்து முத்தாக வந்தன. பதினொரு மணிக்கு மேல் கை தன் போக்கில் ஓட ஆரம்பித்தது. ஓர் உறையில் இரண்டு பத்திரிகை. இன்னொன்றில் ஊர் இருக்கிறது, தெருவைக் காணோம். பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் உறை. அவர் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அந்த உறை பேச்சில் வந்துவிடும்.

கணினி வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மஞ்சளை ஏன் குழைக்கிறேன் என்றால், போன வருஷம் முழுக்க நான் பார்த்ததும் இதே வேலைதான். அதிலிருந்து தப்பித்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்!

ஒரு பெரிய நிறுவனத்தில் ஆர்டர் பிடிக்கும் மென்பொருளுக்கு ஒரு மொழி, கிடங்குக்கு ஒரு மொழி, வங்கிக்கு இன்னொரு மொழி. நடுவில் நின்று, வாங்கி, மொழிபெயர்த்து, உரிய வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்டக்ரேஷன். எஸ்ஏபி மென்பொருள் உலகத்தில் இந்த நடுவாள் எக்ஸ்ஐ என்று வந்து, பிஐ ஆகி, கடைசியில் பிஓ ஆனார். பிஓவின் கடைசிப் பதிப்பான 7.5க்கு வழக்கமான பராமரிப்பு 2027 முடிவோடு சரி. தனியாகப் பணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். அதற்குள் கிளவுடில் இருக்கும் இன்டக்ரேஷன் சூட்டுக்குக் குடிபெயரச் சொல்கிறது எஸ்ஏபி. மைக்ரோசாஃப்டின் பிஸ்டாக்கை நம்பியிருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். அதன் கடைசிப் பதிப்புக்கும் 2030இல் கெடு முடிகிறது.

எங்களிடம் வந்தது ஜெர்மனியில் ஆலைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் வேலை. முந்நூறுக்குச் சற்று மேல் இன்டர்ஃபேஸ்கள், அதாவது ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும் பாதைகள். சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர்.

ஒரு இன்டர்ஃபேஸை நகர்த்துவது கஷ்டமான காரியமே இல்லை. பழைய சேனலைத் திற. சர்வர் முகவரி, கோப்புறை, கோப்புப் பெயர், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் குறித்துக்கொள். புதிய இடத்தில் அதே பாதைக்கு ஐஃப்ளோ ஒன்றை உருவாக்கு. மொழிபெயர்ப்பு விதிகளான மேப்பிங்கைக் கொண்டுவா. டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்‌ஷன் மூன்றுக்கும் மதிப்புகளை நிரப்பு. டிப்ளாய் செய்து ஓடவிடு. ஒரு மெசேஜ் அனுப்பிப் பார். எக்செல்லில் பச்சை அடி. அடுத்தது. ஒன்றைச் செய்யும்போது இது வேலை. நாற்பதாவதில் இது மஞ்சள் தடவுவது.

அந்த நாற்பதாவதில்தான் நான் புரொடக்‌ஷன் கட்டத்தில் டெஸ்ட் சர்வரின் கோப்புறையை ஒட்டிவைத்தேன். ரிவ்யூ பார்த்த தோழி மட்டும் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், நிஜ ஆர்டர்கள் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் குவிந்திருக்கும். “அண்ணா, நீங்க கவனமா இல்லன்னு சொல்ல மாட்டேன். நாப்பது தடவ ஒரே மாதிரி கவனமா இருக்க யாராலயும் முடியாது” என்றாள். அன்று சாயங்காலமே பைத்தானைத் திறந்தேன்.

பாதிக் கிணற்றை ஏற்கெனவே தாண்டியிருந்தோம். இன்டக்ரேஷன் சூட்டிலேயே ஒரு மதிப்பீட்டுக் கருவி உண்டு. பழைய பிஓவோடு இணைத்துவிட்டால், ஒவ்வொரு இன்டர்ஃபேஸையும் படித்து மூன்று கூடையில் போடும்: அப்படியே போகலாம், கொஞ்சம் திருத்த வேண்டும், உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எவ்வளவு வேலை என்பதைச் சட்டை சைஸ் மாதிரி எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சொல்லும். பழைய அமைப்பைப் பார்த்து ஐஃப்ளோவின் எலும்புக்கூட்டைத் தானே கட்டித் தரும் கருவியும் உண்டு. முதல்முறை அது கட்டித் தந்ததைப் பார்த்துவிட்டு பக்கத்து சீட்டுக்காரரை இழுத்து வந்து காட்டினேன்.

ஆனால் பெயர் வைப்பது, மதிப்புகளை நிரப்புவது, டிப்ளாய், சரிபார்ப்பு எல்லாம் இன்னும் கையால்தான். இங்கேதான் எனக்குப் புதையல் கிடைத்தது. ஒரு ஐஃப்ளோவை டவுன்லோட் செய்தால் வருவது சாதாரண ஜிப் கோப்பு! பிரித்துப் பார்த்தேன். திரையில் அம்புக்குறியும் கட்டமுமாகத் தெரியும் அந்தப் படம், உள்ளே வெறும் எக்ஸ்எம்எல் எழுத்து. மதிப்புகள் எல்லாம் தனியாக ஒரு சின்ன உரைக்கோப்பில், வரிக்கு ஒன்றாக. எழுத்து என்றால் ஸ்கிரிப்டும் எழுதலாமே! அத்தனை நாள் மவுஸால் ஒவ்வொரு பெட்டியாகச் சொடுக்கிய கையை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எல்லோரும் வெறுத்த அந்த எக்செல் தாள் ஒரே நாளில் மகாராணி ஆனது. வரிக்கு ஒரு இன்டர்ஃபேஸ். ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படிக்கும், ஜிப்பைப் பிரிக்கும், பெயரையும் மதிப்புகளையும் மாற்றும், திரும்பக் கட்டும், ஏபிஐ வழியாக ஏற்றும், டிப்ளாய் செய்யச் சொல்லும். முதல் நாள் எதை அனுப்பினாலும் 403 என்று கதவைச் சாத்தியது. கோயில் வாசல் மாதிரி, முதலில் டோக்கன் வாங்கி, அந்த டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பது மதியத்துக்கு மேல்தான் உறைத்தது.

பிறகு அந்த வியாழக்கிழமை. எழுபது இன்டர்ஃபேஸ்களை வரிசையில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஐம்பத்தொன்பது பச்சை, பதினொன்று சிவப்பு. அந்தப் பதினொன்றைத் திறந்து பார்த்ததுதான் இந்த வேலையில் நான் அனுபவித்த உச்சபட்ச ஆனந்தம். பதினொன்றிலும் ஒரே தவறு! ஜிப்புக்குள் மேனிஃபெஸ்ட் என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் ஒரு வரி 72 பைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மடித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். என் ஸ்கிரிப்ட் முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு, மடிந்த வாலை அப்படியே விட்டிருந்தது. நீளமான பெயர் கொண்ட பதினொன்றும் அதனால்தான் விழுந்தன. ஓர் இடத்தில் நாலு வரி திருத்தினேன். மறுபடி ஓடவிட்டேன். எழுபதும் பச்சை!

நான் சொக்கிப்போனது வேகத்தில் இல்லை, இதில்தான். மனுஷன் செய்யும் தப்பு ஒவ்வொன்றும் ஒரு தினுசு: ஓர் உறை காலி, ஓர் உறையில் இரண்டு, ஓர் உறையில் தெரு இல்லை. முந்நூறு உறையையும் பிரித்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. ஸ்கிரிப்ட் தப்புச் செய்யாது என்று யார் சொன்னது? நன்றாகச் செய்யும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே தப்பைச் செய்யும். ஒன்றைப் பிடித்தால் எல்லாம் சிக்கும், ஒன்றைத் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்து சரிபார்ப்பில் கை வைத்தோம். பழைய அமைப்பில் நிஜமாக ஓடிய மெசேஜ்களை எடுத்து, பெறும் முனையை ஒரு கோப்புறைக்குத் திருப்பிவிட்டு, புதிய ஐஃப்ளோவில் போட்டோம். பழைய விடையையும் புதிய விடையையும் ஸ்கிரிப்ட் ஒப்பிடும். முதல் ஓட்டத்தில் எல்லாமே சிவப்பு. உருவாக்கிய நேரம் வேறாக இருக்கிறதே, வித்தியாசம் வராமல் என்ன செய்யும்! நேரத்தையும் வரிசை எண்ணையும் மறைத்தோம். ஒரே நேம்ஸ்பேஸ் இரண்டு பக்கமும் வேறு வேறு முன்னொட்டில் வந்தால் சண்டை போடாதே என்று சொல்லிக்கொடுத்தோம். சிவப்பு சலித்துச் சலித்துக் கைப்பிடிக்குள் வந்தது.

அதில் ஒரு சிவப்பு மட்டும் அசையவில்லை. ஒரு இன்டர்ஃபேஸில் சில மெசேஜ்களுக்கு மட்டும் தேதி ஒரு நாள் பின்தங்கியது. எல்லாமே ஜெர்மனியில் நள்ளிரவுக்கும் இரண்டு மணிக்கும் இடையில் பிறந்தவை. நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல், சர்வரின் கடிகாரம் என்னவோ அதுவே நம் கடிகாரம் என்று யாரோ பல வருஷம் முன்பு ஜாவாவில் எழுதியிருக்கிறார்கள். பழைய சர்வர் ஜெர்மன் நேரத்தில் ஓடியது. கிளவுடில் ஓடுவது யூடிசி. கோடைக் காலத்தில் இரண்டு மணி நேர வித்தியாசம். கையால் சோதித்திருந்தால் பட்டப்பகலில் மூன்று மெசேஜ் அனுப்பிப் பார்த்துப் பச்சை அடித்திருப்போம். ராத்திரி ஷிப்ட்டின் ஆர்டர்கள் நேற்றைய கணக்கில் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

மகிழ்ச்சிக் கூத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய அமைப்பு தன் பாஸ்வேர்டுகளை யாருக்கும் திருப்பித் தராது. ஒவ்வொரு கூட்டாளி நிறுவனத்துக்கும் போன் போட்டு, மெயில் போட்டு, சான்றிதழ் வாங்கி, அவர்களுடைய ஃபயர்வாலில் எங்களைச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சியது எல்லாம் மனுஷ வேலைதான். ‘உட்கார்ந்து யோசிக்க வேண்டும்’ கூடையும் அப்படியே. வித்தியாசம் என்னவென்றால், யோசிக்க இப்போது எங்களிடம் மூளை மிச்சம் இருந்தது. அப்படி யோசித்தபோதுதான் ஒருவர், ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் கடைசியாக மெசேஜ் போன தேதியை ஸ்கிரிப்டால் உருவிப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஒரு மெசேஜ்கூடப் போகாதவை வரிசையாக நின்றன. வாடிக்கையாளரிடம் கேட்டு அவற்றுக்கு அங்கேயே காரியம் செய்துவிட்டோம். நகர்த்தாமல் விடுவதைவிட வேகமான நகர்த்தல் உண்டா?

பழையதிலிருந்து புதியதுக்கு மாறும் கட்ஓவர் ஒரு சனிக்கிழமை ராத்திரி. பழைய சேனலை நிறுத்தாமல் புதியதைத் திறந்தால் ஒரே கோப்புக்கு இரண்டு பேர் கை நீட்டுவார்கள். நிறுத்திவிட்டுத் திறக்க மறந்தால் யாருமே நீட்ட மாட்டார்கள். நிறுத்து, நின்றதா பார், திற, திறந்ததா பார். ஸ்கிரிப்ட் வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாகப் போனது. கொட்டாவி விட்டது நாங்கள் மட்டும்தான்.

இந்தத் தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். விலாசங்களை எக்செல்லில் போட்டு லேபிளாக அச்சடித்துவிட்டேன். “எழுத்து நல்லாத்தான் இருக்கு, ஆனா மஞ்சளை மட்டும் மெஷின்கிட்ட குடுத்துடாதே” என்றாள் அம்மா. கொடுக்கவில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் லேபிள் ஒட்டாமல் என் கையாலேயே விலாசம் எழுதினேன். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே பத்திரிகை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.